இணக்க வரியும் கடல் கடந்த விற்பனையும்
(மிளகாய் வற்றல் வியாபாரமும் செய்யும் குடியானவர்களுக்கு ஒரு பாடம்)

விருதுநகர் ஜில்லாவில், அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தால் பெயர் பெற்றது ஆனைக்குட்டம். இக்கரிசல் வட்டாரத்தில் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், பயறு வகைகள் ஆகியவை பயிராகின்றன. நிலமுடையோருள் சிலர் தம் நிலத்து விளைவை விற்பதோடு நில்லாமல், அயலார் வற்றலையும் வாங்கிச் சேர்த்து, மூட்டை கட்டி, மண்டிகளுக்கு அனுப்பும் வியாபாரத்தையும் நடத்தி வருகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் நம்மவர் வசிப்பதால், இத்தகைய வியாபாரிகளுக்கு அங்கிருந்து வற்றல் கேட்டுக் கடிதம் வருவது இயல்பே. விலையும் உள்ளூர் விலையைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஆயினும், அவ்வாறு கேட்கப்பட்டவர் இணக்க வரி முறையில் பதிவு செய்தவராயின், முதல் மூட்டையை அனுப்புமுன் நின்று யோசித்தல் வேண்டும். அதன் காரணத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. விவசாயியும் வியாபாரியும்

சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., 2017-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் இந்தியா முழுவதும் நடப்பில் உள்ளது. இது மதிப்புக் கூட்டு வரி வகையைச் சேர்ந்தது. ஒருவர் விற்கும்போது வரியை வசூலிக்கிறார். தாம் வாங்கியபோது செலுத்திய வரியை அதிற் கழித்துக்கொண்டு, எஞ்சியதைச் சர்க்காருக்குச் செலுத்துகிறார். இவ்வாறு கழித்துக் கொள்வதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர்.

இச்சட்டத்தில் விவசாயிக்குத் தனி இடம் உண்டு. தம் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தம்முடைய அல்லது குடும்பத்தார் ஒருவருடைய நேர்ப்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ நிலத்தைச் சாகுபடி செய்யும் தனி நபரும், இந்துக் கூட்டுக் குடும்பமும் விவசாயி எனப்படுவர். இவர்கள் தம் சாகுபடியில் விளைந்த பொருளை விற்கும் அளவிற்கு வரிப் பதிவு செய்யக் கடமைப்பட்டவரல்லர். உலர்த்திய பொருளைப் பற்றி ஐயம் எழுந்தபோது, விவசாயி விற்கும் மிளகுக்கும் உலர் திராட்சைக்கும், மிளகு பச்சையாயினும் காய்ந்ததாயினும், வரி இல்லை எனத் தெளிவுபடுத்துமாறு 2024-ஆம் வருஷம் டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது, 2025 பிப்ரவரியில் அதற்கான சுற்றறிக்கையும் வெளிவந்தது. பருத்தியை விவசாயியிடம் பதிவு பெற்ற வியாபாரி வாங்கும்போதும், வரியைச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவரையே சாரும்.

ஆனால் அயலான் காட்டில் விளைந்ததை வாங்கி விற்கும்போது அதே மனிதர் வியாபாரி ஆகிறார். மிளகாய் வற்றலுக்கு வரி நூற்றுக்கு 5. உள்மாநிலத்தில் சரக்கு மட்டும் விற்பவர்க்குத் தமிழ்நாட்டில் வருஷ விற்பனை 40 லட்ச ரூபாய் வரையிற் பதிவு தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் எந்த முறையைத் தேர்ந்து கொள்வது என்ற கேள்வி பிறக்கிறது.

2. இணக்க வரி என்பது யாது?

சிறு வியாபாரிக்குக் கணக்குச் சுமையைக் குறைக்கும் பொருட்டு ஏற்பட்டது இணக்க வரி முறை. வியாபாரிகள் இதனைக் காம்போசிஷன் என்று வழங்குவர். இத்தகைய ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்திலேயே, ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்தவர்க்கு வரி இல்லை. 20,000 ரூபாய்க்கு மேற்படாதவர் மாதம் 5 ரூபாய் செலுத்தினால் போதும். அதற்கு மேற்பட்டவர் மட்டுமே விற்பனைத் தொகையில் நூற்றுக்கு அரை வீதம் செலுத்த வேண்டியிருந்தது. தம் நிலத்தில் விளைந்த பொருளின் விற்பனையை அச்சட்டமும் கணக்கிற் சேர்க்கவில்லை.

இப்போதைய இணக்க முறையின் விதிகள் சுருக்கமாக வருமாறு: முந்திய வருஷ விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாதவர் இதிற் சேரலாம். வியாபாரியும், சரக்கு உற்பத்தி செய்பவரும் விற்பனையில் நூற்றுக்கு 1 செலுத்துவர். மூன்று மாதத்திற்கு ஒரு முறை பணம் கட்டி, வருஷத்திற்கு ஒரு கணக்கு ஒப்புவித்தால் போதும். இவை அனுகூலங்கள்.

இவற்றிற்கு ஈடாக மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, வாங்குபவரிடம் வரி என்று தனியே எதுவும் வசூலிக்கலாகாது. இரண்டாவது, தாம் வாங்கிய சரக்கில் செலுத்திய வரியைக் கழித்துக் கொள்ளலாகாது. மூன்றாவது, மாநிலங்களுக்கு இடையிலான சரக்கு விற்பனை எதுவும் செய்யலாகாது. இம்மூன்றாவது கட்டுப்பாடே நம் பாடத்தின் மையம்.

3. ஏற்றுமதி ஏன் இம்முறைக்குள் அடங்காது?

மூன்றாவது கட்டுப்பாட்டைப் படிப்பவர், 'கேரளத்திற்கோ ஆந்திரத்திற்கோ விற்கக் கூடாது என்பதே இதன் பொருள். சிங்கப்பூர் ஒரு மாநிலமன்றே' என்று எண்ணக் கூடும். அது பிழை. ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, விற்பவர் இந்தியாவிலும் விற்பனை சென்று சேரும் இடம் இந்தியாவுக்கு வெளியிலும் இருக்குமாயின், அவ்விற்பனையை மாநிலங்களுக்கு இடையிலானதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே கொச்சி வியாபாரிக்கு அனுப்பும் மூட்டை எவ்வாறு விலக்கப்பட்டதோ, அவ்வாறே கோலாலம்பூருக்கு அனுப்பும் மூட்டையும் இணக்க முறையார்க்கு விலக்கப்பட்டதாகும். நம் நாட்டிலேயே உள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு விற்பதும் இவ்வகையினதே.

மற்றொரு புறம், ஏற்றுமதிக்குச் சட்டம் காட்டும் சலுகை பெரிது. ஏற்றுமதி பூஜ்ய வரி விற்பனை எனப்படும். வரிவிலக்குப் பெற்ற பொருளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நன்கு அறிதல் வேண்டும். வரிவிலக்கில், விற்கும்போது வரி இல்லை. ஆனால் வாங்கியபோது கொடுத்த வரி நின்றுவிடும். பூஜ்ய வரியில், விற்கும்போதும் வரி இல்லை. வாங்கியபோது கொடுத்ததையும் திரும்பப் பெறலாம். நம் தேசத்து வரியைச் சுமந்து கொண்டு நம் பொருள் அயல்தேசச் சந்தைக்குச் செல்லலாகாது என்பதே இதன் கருத்து. மாநிலச் சர்க்கார் ஏற்றுமதி விற்பனைக்கு வரி விதிக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 286-ஆம் விதி தடுத்ததும் இக்கருத்தினாலேயே.

திரும்பப் பெறுவதற்கு வாங்கிய வரியின் கணக்கு ஒவ்வொன்றாக இருத்தல் வேண்டும். இணக்க முறையோ அக்கணக்கையே விட்டுவிடுவதற்காக ஏற்பட்டது. ஆகவே இரண்டும் ஒரே கையில் நிற்பதில்லை.

4. ஒரு மூட்டையால் விளையும் நஷ்டம்

இணக்க முறையிலுள்ளவர் அறியாமல் அயல்நாட்டுக்குச் சரக்கு அனுப்பிவிட்டால், அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் தண்டம் கட்டித் தப்பலாம் என்று நினைப்பது தவறு. நிபந்தனை மீறிய நாளோடு இணக்க உரிமையே ஒழிந்துவிடுகிறது. அந்நாள் முதல் அவருடைய உள்ளூர் விற்பனை முழுவதும் சாதாரண வரிக்கு உட்படும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஜூன் மாதம் 40,000 ரூபாய் வற்றலை அயல்நாட்டுக்கு அனுப்பினார் என்று கொள்வோம். அதன்பின் அவ்வருஷம் உள்ளூரில் 30,00,000 ரூபாய்க்கு விற்றார். இணக்க வரி நூற்றுக்கு 1 வீதம் 30,000 ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். தணிக்கையில் இது வெளிப்பட்டால், 30,00,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 5 வீதம் 1,50,000 ரூபாய் கேட்கப்படலாம். முன் கட்டியது போக 1,20,000 ரூபாய் எஞ்சுகிறது. இதனோடு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதம் வட்டியும் அபராதமும் சேரும். வாங்கியவர்களிடம் அவர் வரி வசூலிக்கவில்லை. முடிந்துபோன விற்பனைக்கு இனி வசூலிக்கவும் முடியாது. ஆகவே அத்தொகை அவர் கைப்பொருளிலிருந்தே போகும். 40,000 ரூபாய் விற்பனையில் வந்த லாபம் இதற்கு எம்மூலைக்கு?

ஒரே பான் எண்ணின்கீழ் உள்ள எல்லாப் பதிவுகளும் ஒருங்கே இணக்க முறையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகையால் ஆனைக்குட்டத்துக் கிட்டங்கியை இணக்க முறையிலும், விருதுநகர்க் கடையைச் சாதாரண முறையிலும் வைத்து, கடையிலிருந்து ஏற்றுமதி செய்வோம் என்ற யுக்தியும் பலிக்காது.

5. எது ஏற்றுமதி, எது அன்று?

வாங்குபவர் எத்தேசத்தார் என்பதன்று கேள்வி. சரக்கு இந்தியாவை விட்டு வெளியே அனுப்பப்படுகிறதா என்பதே கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கடைக்கே வந்து, முகவரி குறிக்கப்படாத சில்லறைச் சீட்டில் 2 கிலோ வற்றல் வாங்கிச் சென்றால், அது உள்ளூர் விற்பனையே. இணக்க முறையார் தாராளமாக விற்கலாம். அதே மனிதர் தம் ஊர் திரும்பியபின் பணம் அனுப்பி, தபாலில் 2 கிலோ கேட்டால், அது ஏற்றுமதி. தபால் வழியாயினும் கப்பல் வழியாயினும் சட்டத்தின் முன் ஒன்றே. அளவு சிறிது என்பது விலக்காகாது.

தூத்துக்குடியிலோ சென்னையிலோ பதிவு பெற்ற ஏற்றுமதி வியாபாரிக்கு விற்று, அவர் தம் பெயரில் கப்பலேற்றினால், நமக்கு அது உள்மாநில விற்பனை; தடையில்லை. ஆயினும் இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணக்க முறையார் கொடுக்கும் சீட்டில் வரி காட்டப்படாததால், ஏற்றுமதியாளர் அதன்மேல் எதையும் திரும்பப் பெற முடியாது. ஏற்றுமதிக்கென வாங்குபவருக்கு நூற்றுக்கு 0.1 வீத வரியில் விற்கும் சலுகையும், வரிச் சீட்டுக் கொடுக்கும் சாதாரணப் பதிவினருக்கே உரியது. ஆகவே ஏற்றுமதியாளர் நம் விலையைக் குறைத்துக் கேட்பது இயல்பு.

இதையும் கணக்கிட்டு உணரலாம். ஒரு வியாபாரி பதிவு பெற்ற மண்டியில் 20,00,000 ரூபாய் வற்றலை 1,00,000 ரூபாய் வரியோடு வாங்குகிறார். இணக்க முறையில் இருந்து அதனை 22,00,000 ரூபாய்க்கு விற்றால், வாங்கிய செலவு 21,00,000. இணக்க வரி 22,000. மிச்சம் 78,000 ரூபாய். சாதாரண முறையில் இருந்து அதே விலைக்குத் தாமே ஏற்றுமதி செய்தால், வாங்கிய வரி 1,00,000 ரூபாயும் திரும்பி வருவதால் மிச்சம் 2,00,000 ரூபாய். கப்பற் கூலி முதலிய செலவுகளை இதிற் கழிக்க வேண்டும். ஆனால் விவசாயிகளிடமே வரியின்றி வாங்கி, சுற்றுவட்டாரத்திலேயே விற்பவருக்கு நின்றுபோகும் வரி சாக்கு முதலியவற்றின் வரி மட்டுமே. அத்தகையோர்க்கு இணக்க முறை நன்மையே தரும். ஒரே முறை எல்லோர்க்கும் ஏற்றதென்று சொல்வதற்கில்லை.

சிவகாசிப் பக்கத்துச் சிறு பட்டாசுத் தொழிலாளிகளுக்கும் இந்நியாயம் பொருந்தும். பட்டாசுக்கு வரி நூற்றுக்கு 18. சிறு உற்பத்தியாளர் நூற்றுக்கு 1 கட்டி இணக்க முறையில் இருக்கலாம். ஆனால் வடமாநிலங்களிலிருந்து வரும் கொள்முதல் உத்தரவையும், கடல் கடந்த உத்தரவையும் அவர் ஒருங்கே இழப்பார்.

6. பிற தேசங்களின் ஏற்பாடு

எளிய வரி முறையையும் ஏற்றுமதியையும் இணைப்பதில் பிற தேசங்களும் இடர்ப்பட்டுள்ளன. பிரிட்டனில் 2002 முதல் உள்ள ஒரே வீத முறையில், ஆண்டு விற்பனை 1,50,000 பவுனுக்கு மேற்படாதவர் சேரலாம். அங்கு ஏற்றுமதிக்குத் தடையில்லை. ஆனால் பூஜ்ய வரி உடைய ஏற்றுமதித் தொகையையும் மொத்தத்திற் சேர்த்து, அதன்மேல் வீதப்படி செலுத்த வேண்டும். ஆகவே ஏற்றுமதி மிகுந்தவர் அம்முறையை நாடுவதில்லை. ஜப்பானில் எளிய முறையார் வாங்கிய வரியை, விற்ற வரியில் ஒரு பங்கென்று பாவித்துக் கழிக்கின்றனர். ஏற்றுமதியில் விற்ற வரியே இல்லாததால் கழிவும் இல்லை. திரும்பப் பெறுவதும் இல்லை. இலங்கையில் 2011 முதல் எளிமையாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி முறை ஏற்றுமதியாளரை முன்னிட்டே நடந்தது. அவர்களுக்கு விற்பவர் வரியைப் பணமாக வாங்காமல் வரவுச் சீட்டு வாங்கினர். அதுவும் 2025 அக்டோபர் 1-ஆம் தேதியோடு நீக்கப்பட்டு, வரியைக் கட்டித் திரும்பப் பெறும் முறை ஏற்பட்டது.

பிரிட்டன் ஏற்றுமதியை அனுமதித்து வரி வாங்குகிறது. ஜப்பான் அனுமதித்துத் திரும்பத் தர மறுக்கிறது. இந்தியா வாசலிலேயே நிறுத்துகிறது. எம்முறையிலும் எளிமையின் விலையை ஏற்றுமதி செய்பவரே கொடுக்கிறார்.

7. முறையாக ஏற்றுமதி செய்யும் வழி

இணக்க முறையிலுள்ள ஒருவர் ஏற்றுமதியில் இறங்கத் தீர்மானித்தால், கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

முதலில், சரக்கை அனுப்புமுன், சி.எம்.பி.-04 என்னும் படிவத்தால் இணக்க முறையினின்று விலகுதல் வேண்டும். நிபந்தனை மீறல் நேர்ந்துவிட்டிருப்பின், 7 நாளுக்குள் அப்படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இரண்டாவது, விலகிய நாளுக்கு முந்திய தினத்தில் கையிருப்பிலுள்ள சரக்கில் அடங்கிய வரியை ஐ.டி.சி.-01 படிவத்தால் 30 நாளுக்குள் கோருதல் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கு இவ்வுரிமை இல்லை. பலர் இதனை மறந்து நஷ்டமடைவர்.

மூன்றாவது, வரி கட்டாமலே ஏற்றுமதி செய்ய ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் உறுதிப் பத்திரம் அளித்தல் வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிதியாண்டுதோறும் புதிதாக அளிக்க வேண்டும். இதனை அளியாதவர் வரியைக் கட்டி ஏற்றுமதி செய்து, பின்னர்த் திரும்பப் பெறலாம்.

நான்காவது, அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுதல் வேண்டும். மிளகாய் நறுமணப் பொருளாதலின், நறுமணப் பொருள்கள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகவும் பதிவு செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, உறுதிப் பத்திரத்தின் பேரில் வரியின்றி ஏற்றுமதி செய்யப்படுவதாக விற்பனைச் சீட்டிலேயே குறித்து, சீட்டுத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டைக் கடக்கச் செய்தல் வேண்டும். தவறினால் வரியும் வட்டியும் உண்டு.

ஆறாவது, வாங்கிய வரியைத் திரும்பப் பெறும் மனுவை, கப்பல் புறப்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் ஆர்.எஃப்.டி.-01 படிவத்தில் கொடுத்தல் வேண்டும். முறையான மனுவின் பேரில் 60 நாளுக்குள் தொகை வராவிடில், பின்வரும் நாட்களுக்கு நூற்றுக்கு 6 வீதம் வட்டி உண்டு. இயந்திரம் முதலிய மூலதனச் சரக்கின் வரி இவ்வழியில் திரும்பாது. வெளிநாட்டுப் பணம் உரிய காலத்துள் வந்து சேராவிடில், பெற்ற தொகையைச் சர்க்கார் மீட்டுக் கொள்ளவும் விதி உண்டு.

ஏற்றுமதி ஒரு முறை மட்டுமே நிகழ்ந்து நின்றுவிட்டால், அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் மனுச் செய்து மீண்டும் இணக்க முறைக்குத் திரும்பலாம். நடு வருஷத்திற் கூடாது.

8. உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும்

விவசாயி என்ற சொல் தனி நபரையும் கூட்டுக் குடும்பத்தையும் மட்டுமே குறிக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அங்கத்தினர் யாவரும் குடியானவர்களாயினும், விவசாயி ஆகாது. வரிக்குரிய சரக்கை ஏற்றுமதி செய்யும் நிறுவனம், விற்பனை எவ்வளவு குறைவாயினும் பதிவு செய்ய வேண்டும். 40 லட்ச வரம்பு அதற்குத் துணை செய்யாது.

விவசாயி தம் விளைவைத் தாமே ஏற்றுமதி செய்யவும் வழியுண்டு. ஆயினும் வரிப் பதிவில்லாதவர் உரத்திலும் சாக்கிலும் கொடுத்த வரியைத் திரும்பப் பெற இயலாது. விரும்புவோர் தாமாகவே பதிவு செய்து கொள்ளலாம். வியாபாரத்திற்கென இணக்க முறையில் ஏற்கெனவே பதிவு பெற்றவர், சொந்த விளைவுதானே என்று கருதி அதே பெயரில் அயல்நாட்டுக்கு அனுப்புவது வழக்குக்கு இடமாகும், தவிர்த்தலே விவேகம்.

இங்கே கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பெரும்பயன் உடையது. எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில், எப்போகத்தில் மிளகாய் நின்றது என்பதைச் சரியாகக் காட்டும் பதிவு, ஒருவர் விற்ற வற்றலில் சொந்த விளைவு எவ்வளவு, வாங்கிச் சேர்த்தது எவ்வளவு என்பதை நிறுவ நல்ல சாட்சியாகும். குத்தகைக்கு உழுபவர் பெயர் விடுபடுமாயின், அவர் தம்மை விவசாயி என்று காட்டச் சிரமப்படுவார். ஆகவே வயலைப் பார்த்து எழுதும் ஒரு வரி, குடியானவரின் பணத்தைக் காக்கிறது. குடியானவர்களும் சொந்த விளைவுக்கு ஒரு கணக்கும், வாங்கி விற்பதற்கு ஒரு கணக்கும் தனித்தனியே வைத்தல் வேண்டும்.

9. நினைவில் வைக்கத் தக்கவை

சொந்த விளைவை விற்பவர்க்குப் பதிவுக் கடமை இல்லை. வாங்கி விற்பவர், உள்மாநிலத்தோடு நிற்பவராயின் இணக்க முறை எளிது. மாநில எல்லையையோ கடலையோ கடக்க எண்ணினால் சாதாரண முறையே வழி. வெளியூர் உத்தரவு கையில் வந்தபின் முறையை மாற்றுவோம் என்று இருப்பவர், சரக்கு அனுப்பும் அவசரத்தில் அதனை மறப்பர். ஆகையால் பங்குனியில் வருஷக் கணக்கு முடிக்கும்போதே, வரும் வருஷம் சரக்கு எங்கே செல்லும் என்பதைத் தீர்மானித்து, அதற்குத் தக்க முறையைத் தேர்ந்து கொள்வாராக. ஐயமுள்ளவர்கள் முதல் மூட்டையைக் கட்டுமுன் வரி அலுவலகத்தையோ, தகுதி பெற்ற கணக்காயரையோ கலந்து கொள்ளுதல் நன்று.